ஐந்தருவியில் போன சந்தனச் சேலை

"…சேலையில இடுப்பு தெரியும், முதுகு தெரியும், கையத் தூக்குனா கக்கமும் தெரியும். இதுல என்ன தெரியுது டீச்சர்? கழுத்துலருந்து கரண்டைக்கால் வரைக்கும் மூடியிருக்கு. மேல துவர்த்து வேற போட்டிருக்கேன்."

இதைச் சொன்னவர் ரோஸ்லின். ஐந்தருவியில் பழக்கடை வைத்திருப்பவர். சொன்ன இடம், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கும் ஓர் ஓட்டுக்கூரை ஆலயத்தின் பெண்கள் வாசல். ஞாயிற்றுக்கிழமை காலை, ஒன்பது மணியை ஒட்டிய நேரம். அவர் உடுத்தியிருந்தது ஊதாப் பூப்போட்ட நைட்டி. தோளில் துவர்த்து, நாம் துண்டு என்கிறோமே, அதற்கு மலையாளக் காற்று படுகிற இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து வழியை அடைத்திருந்தவர் சாராள் டீச்சர்.

அந்த வாசலுக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் சரியாக வரும்.

வெள்ளி இரவு தாம்பரத்தில் பொதிகை ரயில் ஏறினேன். படுக்கை வசதிக்கு நானூறு ரூபாயில் சில்லறை மிச்சம். விடிகிற நேரத்தில் சங்கரன்கோவிலில் ஏறி எதிரே உட்கார்ந்தவர் என் குடையைப் பார்த்தார்.

"சீசனுக்கா?"

"ஆமாங்க. சாரல் எப்படி?"

"சாரல் நல்லாத்தான் இருக்கு. நீங்க குடை கொண்டு வந்திருக்கியளே. சாரலுக்குக் குடை கொண்டு வாரது கல்யாண வீட்டுக்குக் கட்டுச்சோறு கொண்டு போற மாதிரில்லா அண்ணாச்சி."

எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு குறைவு. இப்படி ஆட்கள் போகிற போக்கில் உதிர்ப்பதைப் பொறுக்கித்தான் என் அறிவு. அதையும் பொறுக்கிக்கொண்டேன். தென்காசியில் இறங்கும்போது ஏழு மணி தாண்டியிருந்தது. குடையை விரிக்க வெட்கமாக இருந்தது.

பயணத்துக்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது என்று சொல்ல முடியாது. ஒரு கேள்வி இருந்தது, அவ்வளவுதான். சென்னையில் நான் போகிற சபை ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் கூடுகிறது. போதகர் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பிரசங்கம் செய்வார், நல்ல பிரசங்கம். வருகிறவர்கள் காபிக் கோப்பையோடு உட்காருவார்கள். என் மகன் முழங்கால் தெரிகிற டவுசரில் வருவான். கேட்டால், "உள்ளம்தாம்பா முக்கியம்" என்பான். வெள்ளை வேட்டியில் போகிறவன் நான் ஒருவன்தான். புதிதாய் வந்த வாட்ச்மேன் ஒருநாள் என்னை நிறுத்தி, "கல்யாணம் கீழ ஹால்ல சார்" என்று திருப்பி அனுப்பப் பார்த்தார். ஆண்டவர் முன்னால் போக என்ன உடுத்த வேண்டும் என்ற யோசனை அன்றைக்கு ஆரம்பித்தது. பழைய வழக்கம் மாறாத திருநெல்வேலிச் சபை ஒன்றில் ஒரு ஞாயிறு உட்கார்ந்து பார்ப்போம், வழியில் அருவியிலும் குளிப்போம் என்று கிளம்பிவிட்டேன். எது முதல், எது வழியில் என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது.

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர். நகரப் பேருந்தில் பத்து ரூபாய். மெயின் அருவியில் கூட்டம் சாலை வரைக்கும் நின்றதால், இன்னொரு நாலைந்து கிலோமீட்டர் தள்ளி ஐந்தருவிக்குப் போனேன். அங்கே ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். ஆண்கள் பக்கம் எல்லாரும் அரை டவுசர். கலெக்டரும் கிளீனரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் நைட்டி. வழிநெடுகக் கடைகளில் நைட்டி, டவுசர், துண்டு, எண்ணெய். குளித்துவிட்டு நடுங்கியபடி வந்தவன் மங்குஸ்தான் குவித்திருந்த ஒரு கடைமுன் நின்றேன். கிலோ முந்நூற்றைம்பது.

"கால் கிலோ போதும்மா."

"கால் கிலோவுக்கு நாலு பழந்தான் நிக்கும். வீட்ல நாலு பேருதானா அண்ணாச்சி?"

அதுதான் ரோஸ்லின். நாற்பது வயது இருக்கும். ஒரு கையால் பழத்தை அழுத்திப் பிளந்து என் வாயருகே நீட்டினார். மறுகையால் ஒரு குச்சியை எடுத்துப் பின்னால் பதுங்கி வந்த குரங்கை விரட்டினார். குரங்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைக்கூரைக் கம்பியில் ஒரு மஞ்சள் பை தனியாகத் தொங்கியது, குரங்குக்கு எட்டாத உயரத்தில், வாயைக் கயிற்றால் கட்டி. நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"அது நாளைக்குக் கட்ட வேண்டிய சேலை. எம் மக ஜெபாவுக்குத் திடப்படுத்தல். பேராயர் வாராரு."

திடப்படுத்தல் என்றால் தெரியாதவர்களுக்காக: குழந்தையில் பெற்றோர் எடுத்துக்கொடுத்த விசுவாசத்தை, பிள்ளை வளர்ந்தபின் தன் வாயால் சொல்லி, பேராயர் தலையில் கைவைத்து, முதல்முறை திருவிருந்துக்குப் போகிற நாள். ரோஸ்லினின் சபையில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் வாசிக்கும்போது, பெற்றவர்கள் இருக்கிற இடத்தில் எழுந்து நிற்க வேண்டும்.

"அவரு சவுதில இருக்காரு. அங்கருந்து எந்திரிச்சு நிக்க முடியுமா? நாந்தான் நிக்கணும். நான் இல்லைன்னா எம் புள்ள பேர் வாசிக்கையில சபை முழுக்கத் திரும்பிப் பாத்துட்டு, யாருமில்லன்னு மறுபடி முன்னால திரும்பிரும்." பழத்தைப் பொட்டலம் கட்டினார். "நானும் மனுசிதான், சீசன்ல ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக முடியாது. நாலு மாசமும் இங்கனதான், இந்த நைட்டிலதான் கெடப்பேன். நாளைக்கு மட்டும் பக்கத்துக் கடைக்காரி பாத்துக்கிடுதேன்னு சொல்லியிருக்கா. பேராயர்னதும் தலையாட்டுனியளே, நீங்க எந்த சபை?"

சொன்னேன்.

"அப்பம் வாங்களேன். எட்டேகாலுக்கு இங்கன வந்தியள்னா ஒரே ஆட்டோல போயிருலாம். ராத்திரி மறக்காம வேட்டிய மடிச்சு வைங்க. டீச்சர் சுருக்கத்தைக்கூட எண்ணுவாவ."

மகள் ஒத்திகைக்காக அன்றைக்கே அந்த சாராள் டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டாளாம். இரண்டு மாதமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஆயத்தம் செய்தவர் அவர்தான்.

ஞாயிறு விடிகாலை மறுபடி அருவி. ஏழரை மணிக்கே வேட்டி சட்டையோடு ரோஸ்லின் கடைக்குப் போனேன். அவர் இன்னும் நைட்டியில்தான் இருந்தார். மஞ்சள் பை கீழே இறங்கியிருந்தது. சேலையை ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தார். சந்தனக் கலர், ஓரத்தில் மெல்லிய பச்சைக் கோடு. "முகம் கழுவிட்டு உடுத்திருவேன். பத்து நிமிசம்."

அந்தப் பத்து நிமிடத்தில்தான் ராயகிரியிலிருந்து வந்த வேன்காரர்களின் பையைக் குரங்கு எடுத்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து ஐம்பது வயதுப் பெண் ஒருவர் குளித்துவிட்டு வந்தார். மாற்றுத்துணி இருந்த பையைத் தோழியிடம் கொடுத்திருந்தார். தோழி வேனில் வைக்கத் திரும்பிய நேரம் பை மரத்தில் இருந்தது. குரங்கு ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தது. பவுடர் டப்பாவைக் கடித்துப் பார்த்துத் தும்மியது. பாவாடையைக் கிளையில் விரித்துப் போட்டது, ஏதோ காயப்போடுவதுபோல. கீழே நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். மெல்லிய நைட்டி நனைந்து உடம்போடு ஒட்டிவிட்டது. இரண்டு கைகளாலும் எதை மறைப்பது என்று தெரியாமல் ரோஸ்லின் கடைக்குப் பின்னால் குந்தியிருந்தார். வேன் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். கூட வந்த பெண்கள் குளித்து உடை மாற்றியவர்கள். ஆளுக்கு ஒரு மாற்றுத்துணிதான். ஒருத்தி ஈரத்துண்டைக் கொடுத்தாள். அது எதற்குக் காணும்? கடையில் நைட்டி வாங்கலாம் என்று இன்னொருத்தி சொன்னதற்கு, "நைட்டியோட எப்பிடி ஊருக்குள்ள எறங்குவேன்?" என்றார்.

"ஏக்கா, இங்கன உள்ள வா." ரோஸ்லின் கடையின் தார்ப்பாயை இழுத்து விட்டார்.

உள்ளே கொஞ்சம் சலசலப்பு. வெளியே வந்தபோது ராயகிரிக்காரர் சந்தனச் சேலையில் இருந்தார். ரவிக்கை அளவு சேராததால் முந்தானையைக் கழுத்து வரைக்கும் போர்த்தியிருந்தார்.

"உன் சேலையை எப்பிடிம்மா திருப்பிக் குடுப்பேன்?"

"அடுத்த சாரலுக்கு வரையில கொண்டாங்க. வெரசா போங்க, அந்த ஆளு ஹாரனை அடிச்சே உடைச்சிருவான்."

வேன் போய்விட்டது. பக்கத்துக் கடைக்காரி வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, ஒனக்குக் கோட்டியா பிடிச்சிருக்கு? நீ என்னத்த உடுத்திட்டுப் போவ?"

அந்தக் கேள்வி ரோஸ்லினுக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. காலிப் பையை ஒருதரம் திறந்து பார்த்தார். வீடு அச்சன்புதூரில், போய்த் திரும்ப நேரமில்லை. வரிசையாகக் கடைகளில் கேட்டுக்கொண்டு போனோம். நைட்டி இருந்தது, டவுசர் இருந்தது, பூப்போட்ட துண்டு இருந்தது. சேலை ஒன்றும் இல்லை. குற்றாலத்துக்கு வந்து யார் சேலை வாங்குவார்கள்? கடைப் பெண்கள் எல்லாரும் ராத்திரி கடையிலேயே படுத்தவர்கள், எல்லாரும் நைட்டி. தென்காசி ஜவுளிக் கடைகள் திறக்க இன்னும் நேரமாகும்.

"வாங்க அண்ணாச்சி, போவோம்" என்றார்.

"இப்படியேவா?"

"அங்க போயி யோசிப்போம்."

ஆட்டோக்காரர் கடையநல்லூர் காதர் பாய். சீசனுக்கு மட்டும் இங்கே ஓட்டுகிறவர். ஆலயம் வரைக்கும் நூற்றைம்பது. சாரல் பக்கவாட்டில் அடித்தது. ரோஸ்லின் பக்கம் படுதா கிழிந்திருந்ததால் பாதி வழியிலேயே அவர் தொப்பலாகிவிட்டார். நடந்ததை ரோஸ்லினே சொன்னார். காதர் பாய் கண்ணாடியில் பார்த்தபடி கேட்டுக்கொண்டு வந்தார்.

"எங்க பள்ளிவாசல்ல ஒரு கூடை இருக்கும். பிளாஸ்டிக் தொப்பி. தொப்பி இல்லாம வர்ற வெளியூர்க்காரன் எடுத்துப் போட்டுக்கிடுவான். அதுல பாதி உடைஞ்சிருக்கும், போட்டா கோழி கொத்துன மாதிரி இருக்கும். ஆனா யாரும் சிரிக்க மாட்டாங்க. தலையை மூடணும், அவ்வளவுதான்."

"எங்க கோயில்லயும் கூடை இருக்கு பாய்" என்றார் ரோஸ்லின். "சால்வைக் கூடை. ஆனா அது டீச்சர் மடியில இருக்கு."

அது உண்மை. ஆலயத்தை நெருங்கும்போதே பார்த்தேன். வேப்பமரத்தடியில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. ஆண்கள் இடது வாசல், பெண்கள் வலது வாசல். உள்ளே போகிற பெண்கள் எல்லாரும் வெளிர்நிறச் சேலை; படியில் கால் வைக்கும்போதே முந்தானை தலைக்கு ஏறிவிடுகிறது, யாரும் சொல்லாமலே. சேலைப் பெட்டிக்குள் போடுகிற ரசகற்பூர வாசனையும் மல்லிகை வாசனையும் கலந்து வந்தது. பெண்கள் வாசலில் வெள்ளைச் சேலையில் சாராள் டீச்சர், மடியில் பிரம்புக்கூடை. அருவிக்கு வந்தவர்கள், பெங்களூர்ப் பெண்கள் இரண்டு பேர், ஜீன்ஸில் தயங்கி நின்றார்கள். டீச்சர் எழுந்து, ஆளுக்கொரு சால்வையை எடுத்துத் தலையில் தாமே போட்டு, நெற்றி தெரியும்படி ஒதுக்கிவிட்டு, "உள்ள போங்கம்மா, ஃபேன் அடியில இடம் இருக்கு" என்றார். அவ்வளவு பரிவு.

அடுத்து ரோஸ்லின். டீச்சரின் முகம் மாறியது.

"ஏட்டி ரோஸ்லின், என்னட்டி கோலம் இது?"

"சேலை இல்லாமப் போச்சு டீச்சர்."

"இல்லாமப் போச்சா? ரெண்டு மாசமா உம் புள்ளைக்கு நான் முக்காடு போடச் சொல்லிக் குடுத்தேன். பின் குத்தாம நிக்கணும்னு நூறு தடவை போட வச்சேன். அவ உள்ள தேவதை மாதிரி உக்காந்திருக்கா. நீ நைட்டில வந்து நிக்க."

"அவங்க ரெண்டு பேரும் பேன்ட்டுல போறாவல்லா?"

"அவங்களுக்குத் தெரியாது. தெரியாதவளுக்குச் சால்வை. ஒனக்குத் தெரியும்ல்லா?"

நான் ஆண்கள் வாசலுக்குப் போகாமல் தாழ்வாரத்திலேயே நின்றுவிட்டேன். டீச்சர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. அவர் குரலைத் தாழ்த்தி மேலும் சொன்னார்: "சனிக்கிழமை ராத்திரி நாளைக்குக் கட்டுற சேலைய இஸ்திரிப் பெட்டி போட்டு வைக்கேன் பாரு, எனக்கு ஆராதனை அப்பமே ஆரம்பிச்சிருது. யாரப் பாக்கப் போறோம்னு கை யோசிக்கும். கைக்குத் தெரிஞ்சாத்தான் மனசுக்கு ஏறும். நீ கலெக்டர் ஆபீசுக்கு இப்பிடிப் போவியா?"

"போக மாட்டேன். கலெக்டர் என்னைய நைட்டில பாத்ததில்ல. ஆண்டவர் நாலு மாசமா இதுலதான பாக்காரு."

பின்னால் நின்ற ஒரு பெண் சிரிப்பை முந்தானையில் அமுக்கினாள். டீச்சர் சிரிக்கவில்லை.

"வாய் மட்டும் நல்லா பேசு. தாழ்வாரத்துல நில்லு. ஸ்பீக்கர் இருக்கு, எல்லாம் கேக்கும்."

"பேர் வாசிக்கையில ஸ்பீக்கரா டீச்சர் எந்திரிச்சு நிக்கும்?"

டீச்சர் கூடையிலிருந்த சால்வையை மறுபடி மடித்தார். எனக்கு இதற்குமேல் பொறுக்கவில்லை. "டீச்சரம்மா, இவங்க சேலை என்ன ஆச்சுன்னா…" என்று ஆரம்பித்தேன்.

ரோஸ்லின் சட்டென்று திரும்பினார். "அண்ணாச்சி, நீங்க செத்த சும்மா இருங்க." அப்புறம் எனக்கு மட்டும் கேட்கும்படி, "குடுத்ததைச் சொல்லி உள்ள போனா, குடுத்ததுக்கு விலை வாங்குன மாதிரில்லா இருக்கும்" என்றார்.

எத்தனையோ ஊர்களில் எத்தனையோ சொற்களைப் பொறுக்கியிருக்கிறேன். இதைப் பொறுக்க எனக்குக் கை நீளவில்லை. தூணோரமாக ஒதுங்கிக்கொண்டேன். சென்னைக்குத் திரும்பி வந்து மகனிடம் முழுவதையும் சொன்னபோது, "பாத்தீங்களாப்பா, உள்ளம்தான்" என்றான். சாராள் டீச்சரும் அதைத்தான் சொன்னார், ஆனால் உள்ளத்துக்குப் போக அவருக்குக் கை வழியாக ஒரு பாதை இருக்கிறது என்றேன். அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை. எனக்கும் முழுக்கப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். அடுத்த ஞாயிறும் நான் வேட்டியிலும் அவன் டவுசரிலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். வாட்ச்மேன் இரண்டு பேருக்கும் வணக்கம் வைத்தார்.

மறுபடி அந்த ஆலய வாசலுக்கு வருகிறேன். உள்ளே பாட்டு முடிந்திருந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. பிள்ளைகள் வரிசையில் நிற்கப் போகிறார்கள் என்று ஒலிபெருக்கியில் குருவானவர் சொன்னார். ரோஸ்லின் ஒருகணம் அந்தக் குரல் வந்த பக்கம் பார்த்தார். பிறகுதான் டீச்சரைப் பார்த்து, நான் ஆரம்பத்தில் எழுதிய அந்தப் பேச்சைப் பேசினார்: இடுப்பும் முதுகும் கக்கமும், கழுத்திலிருந்து கரண்டைக்கால் வரைக்குமான கணக்கும். குரலில் சண்டை இல்லை. ஏதோ பழத்தின் விலை சொல்வதுபோலச் சொன்னார்.

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சொட்டுகிற தலைமுடியில் பார்வை நின்றது. கூடையில் கைவிட்டு, இருப்பதிலேயே பெரிய சால்வையை எடுத்தார்.

"இந்தா. இதையாவது போத்திக்கோ."

உள்ளே முதல் பேர் வாசித்தார்கள். யாரோ ஒரு தாயும் தகப்பனும் எழுந்த பெஞ்சுச் சத்தம் கேட்டது.

"அது வெளியூர்க்காரிக்கு உள்ளது டீச்சர்" என்றார் ரோஸ்லின். "நான் இந்த சபைக்காரி."

டீச்சர் கையில் சால்வையோடு அப்படியே இருந்தார். முக்காலி மட்டும் கொஞ்சம் நகர்ந்தது. அவர் நகர்த்தினாரா, எழுந்திருக்கப் பார்த்ததில் நகர்ந்ததா, நான் கவனிக்கவில்லை.

ரோஸ்லின் தோளிலிருந்த துவர்த்தை எடுத்தார். தாழ்வாரத்து ஓரமாகப் போய்ப் பிழிந்தார். ஒருதரம் உதறினார். தலையில் போட்டு, முந்தானைக்குச் செய்வதுபோலவே நெற்றியில் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். பெண்கள் பெஞ்சுகளில் இடம் இருந்தது; பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விடவும் செய்தார்கள். அவர் உட்காரவில்லை. பெஞ்சும் நனையும், பக்கத்துச் சேலையும் நனையும். நேரே முன்னால் போனார், சிறுபிள்ளைகள் உட்கார்ந்திருந்த பாய் வரைக்கும். மகள் பேர் வர இன்னும் பல பேர்கள் இருந்தன. ரோஸ்லின் குனிந்து, நைட்டியிலிருந்து சொட்டும் தண்ணீர் படாதபடி பாயின் ஓரத்தை மடித்துவிட்டு, அந்த வெறுந்தரையில் அப்போதே நிமிர்ந்து நின்றார்.